தவக்காலத்து விருந்தாளி

அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் கழிப்பறை. சிரிக்காதீர்கள். சேலத்தில் நான் படித்த கத்தோலிக்கக் கல்லூரிக்கு அமெரிக்காவிலிருந்து ஒன்பது மாணவிகள் மூன்று வாரப் படிப்புக்கு வந்திருந்தார்கள். அவர்களும் கத்தோலிக்கக் கல்லூரிக்காரர்கள்தான். முதலில் வகுப்பு, கடைசிப் பத்து நாள் ஆளுக்கொரு வீட்டில் தங்கி, இங்கே குடும்பங்கள் எப்படி ஜெபிக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். மேல்நாட்டுக் கழிப்பறை யார் வீட்டில் இருக்கிறது என்று சிஸ்டர் கேட்டார். லாரி ஓட்டி, கிளட்ச் மிதித்தே முட்டி தேய்ந்துபோன அப்பா எங்கள் வீட்டில் ஒன்று கட்டியிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியை எங்களுக்கு ஒதுக்கினார்கள்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவ வீடு, எங்களுடையது ஒன்றுதான். அம்மா இல்லை. அப்பா லாரியோடு வடக்கே போனால் மாதம் ஒருமுறை முகம் காட்டுவார். மிச்சம் நானும் அப்பாவின் அக்காவான அத்தையும். சாயங்கால ஜெபமாலையில் ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியை அத்தை சொல்வார், பின்பாதியை நான் சொல்வேன். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் ஜெபமும் சேர்ந்து படுத்துவிடும். கல்லூரியில் தோழிகள் இருந்தார்கள். சாயங்காலம் பஸ் ஏறினால் அதோடு சரி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பத்தொன்பது வயதில் ஒரு சிநேகிதிக்காக நான் அப்படி ஏங்கினேன்.

அவள் வந்த முதல் சாயங்காலமே எங்களோடு பாயில் முழங்காலிட்டாள். நாங்கள் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் சேர்ந்துகொண்டாள். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டு எத்தனை வருஷம்! "பாசை புரியாட்டி என்ன போச்சு, உருட்டற மணி ஒண்ணுதானே," என்றார் அத்தை.

சிக்கல் சோற்றில் வந்தது. அது தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் உள்ளே வராது. காலையில் கம்பங்கஞ்சி, மத்தியானம் ரசமும் ஒரு பொரியலும். இதைத்தான் நாங்கள் ஒருசந்தி என்போம். ஆனால் விருந்தாளிக்கு?

"கடல் தாண்டி வந்த புள்ளைக்கு ரசத்த ஊத்துனா ஊரு காறித் துப்பாதா?" என்று அத்தை கோழி வாங்கி வந்தார். அவர்கள் ஊர்த் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கறி விலக்கு என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால், அன்றைக்கு மட்டும் முட்டை. வாயில் வைத்து உப்புப் பார்க்கவும் வழியில்லாமல், மோந்து பார்த்தே குழம்பு வைத்தார். முன்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தட்டு. இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் கரண்டியோடு நான். "இன்னொரு துண்டு போட்டுக்குங்க சாமி, கூச்சப்படாதீங்க," என்பார் அத்தை.

"நீ சாப்பிடவில்லையா?" என்று அவள் கேட்டாள்.

"பசிக்கவில்லை. அப்புறம்," என்றேன். வயிறு கடமுடா என்றது. நோன்பு இருப்பதை வெளியே சொல்லிப் பெருமையடிக்கக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தேன். பெரிய புனிதை என்று எனக்கு நினைப்பு!

மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாளும் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். சாப்பாடு முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். ஜெபத்துக்கு வருவாள், ஆனால் முன்னைப் போலக் குரல் எழும்பாது. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளே, இன்னும் என்னதான் வேண்டுமாம் இவளுக்கு?

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு காலையில் மிஞ்சிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

"என்னோடு உட்காராமல் இங்கேதான் தினமும் சாப்பிடுகிறீர்களா?"

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். தவக்காலம், நாற்பது நாள், கறி கிடையாது.

"எனக்கும் தவக்காலம்தானே," என்றாள். "நானும் கத்தோலிக்கப் பெண்தானே. ஜெபத்தில் மட்டும் உங்களோடு, சாப்பாட்டில் தனியாகவா? என்னோடு உட்கார உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் மாரியம்மன் நோன்புக்கு வீடு வீடாகக் கூழ் கொடுப்பார்கள். எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். கேட்டால், "நீங்க வேதக்காரங்க, குடிக்க மாட்டீங்கன்னுதானுங்க கொண்டாரலை" என்பார்கள், அவ்வளவு பணிவாக. மரியாதையாகத் தள்ளி வைத்தால் எப்படி வலிக்கும் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்தவள் நான். அதையே ஒன்பது நாளாக ஒருத்திக்குச் செய்திருக்கிறேன்.

"நாளைக்கு மத்தியானம் உன்னோடு உட்காருகிறேன். சத்தியமாக," என்றேன். அவள் சிரித்தாள். அன்றைய ஜெபத்தில் அவள் குரல் பழையபடி எழும்பியது.

மறுநாள்தான் அவள் கிளம்பும் நாள். இருக்கிற கஞ்சியை மூவருமாகக் குடிக்கலாம் என்று காலையிலேயே அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "போற அன்னைக்குப் போயி கஞ்சியா? உனக்குக் கிறுக்கா புள்ள?" என்று அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். மத்தியானம் வெள்ளைக்காரப் பெண்ணை வழியனுப்ப அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து முன்னறையில் நின்றார்கள். வாழை இலையில் கோழிக் குழம்பும் வறுவலும் பரப்பியிருந்தது. அவள் உட்கார்ந்தாள். சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியை அவளே பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஒரு தட்டில் ரசஞ்சோற்றைப் போட்டுக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அத்தனை கண்கள்! விருந்தாளியோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்தாள், அதுவும் பரிமாற ஆளில்லாமல் விட்டுவிட்டு, என்று நாளைக்குத் தெருவெல்லாம் பேச்சாகும். அத்தை என்னை முறைத்தார். கரண்டியை எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்து, இலையில் வைத்த அத்தனையையும் தின்று முடித்தாள்.

வேன் வந்தது. அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அடுத்து நான். என்னையும் கட்டிக்கொள்வாள் என்று கை இரண்டையும் பாதி தூக்கிவிட்டேன். அவள் ஓரடி தள்ளி நின்று, இந்த ஊர் வழக்கப்படி, ரொம்ப மரியாதையாக என்னைக் கைகூப்பி வணங்கினாள்.