அப்பா சப்பாத்துக்குப் போட்ட முடிச்சு

சிவனொளிபாத மலைக்குப் போறதுன்னா எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள்ல யாரும் பெருசா யோசிக்க மாட்டாங்க. கொழுந்தெடுக்கப் போறப்ப போத்திக்கிற கம்பளி, அட்டை கடிக்காம கால்ல தேய்ச்சுக்க ஒரு துண்டு சவுக்காரம், கட்டுச்சோறு. அவ்வளவுதான். பொறந்ததுலருந்து வெறுங்காலோட சரிவுல ஏறி எறங்குறவங்களுக்குக் காலுக்குன்னு தனியா என்ன வேணும்? ஆனா எங்கப்பா இருக்காரே, அவருக்குச் சப்பாத்து வேணுமாம்.

லேசு கட்டிப் போடுற கறுப்புச் சப்பாத்து. அட்டன்ல ஒரு முஸ்லிம் நானா கடையில வாங்கிட்டு வந்து ரெண்டு வருசமா ட்ரங்குப் பெட்டியில வச்சிருந்தாரு. மாசம் ஒருக்கா எடுத்துத் தேங்கா எண்ணெய் போட்டுத் துடைப்பாரு, மோந்து பாப்பாரு, திரும்ப வச்சிருவாரு. போடுறதுக்கு எங்க விட்டாங்க? தொரையோ கணக்கப்பிள்ளையோ எதிர்ல வந்தா தலைத்துண்டை அவுக்கணும், குடையை மடக்கணும், கால்ல கிடக்குறதைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ரோட்டோரத்துல தண்ணி ஓடுற கானுல எறங்கி நிக்கணும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி ஒட்டல. நான் சொல்றது அறுபதுகளோட ஆரம்பம். தோட்டத்துல தொழிலாளர் சங்கம் வந்து வருசக்கணக்காகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகல.

"பையில போட்டுக்கங்க. பஸ்ஸுல ஏறினதும் மாட்டிக்கலாம்"னு அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

"பஸ்ஸுல போடுறதுக்கா வாங்குனேன்? நம்ம தோட்டத்து ரோட்டுல ஒரு தடவையாவது இதைப் போட்டுக்கிட்டு மனுசனா நடக்கணும் புள்ள"ன்னாரு அப்பா.

அம்மா மூணு கம்பளியையும் சாக்குல திணிச்சாங்க. அந்தச் சாக்கை நாந்தான் சுமக்கணும். எனக்கு அப்ப பதினேழு வயசு. மூக்குக்கு மேல கோவம்.

லயத்துலருந்து பஸ் ரோட்டுக்கு ஒண்ணரை மைல். அப்பா மனுசனா நடந்தது ரோடு வளையுற மொத முடக்கு வரைக்குந்தான். எதிர்ல கணக்கப்பிள்ளை வந்தாரு. அப்பா சட்டுனு குனிஞ்சு, லேசை அவுத்து, ரெண்டையும் கழட்டி, கானுல எறங்கிட்டாரு. அவரு போனதும் ஒரு கல்லு மேல உக்காந்து, காலைத் துடைச்சு, மேசுன்னு நாங்க சொல்ற காலுறையை மாட்டி, லேசை ஒவ்வொரு ஓட்டையா இழுத்துக் கட்டினாரு. நூறு அடி போகல, தேயிலை பாக்டரியைப் பாத்துக்கிற டீமேக்கர் வந்தாரு. மறுபடி கழட்டு, மறுபடி கட்டு. கடைசியா தொரையோட காரு. கழட்டி, கானுல நின்னு, கும்பிடும் போட்டாச்சு. பாத்தா உள்ள தொரையே இல்ல. டிரைவரும் ரெண்டு மூட்டைக் கோவாவும், அதான் முட்டைக்கோசும் போகுது.

"கோவாவுக்கா கும்பிட்டீங்க?"ன்னு அம்மா கேட்டாங்க.

அடுத்த லேசைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ் எங்க கண்ணு முன்னாலயே போயிருச்சு. ரெண்டு மணி நேரம் ரோட்டோரத்துல உக்காந்திருந்தோம்.

அன்னைக்கு அடிவாரத்து மடத்துல தங்கி, நல்லா விடிஞ்ச பிறகுதான் மலை ஏறினோம். சப்பாத்து கடிச்சு அப்பாவுக்கு ரெண்டு குதிகாலும் கொப்பளம். மேசுக்குள்ள அட்டை வேற புகுந்துருச்சு. சவுக்காரம் தேய்ச்ச என் வெறுங்காலை ஒரு அட்டைகூடத் தொடல.

"கழட்டித் தொலைங்களேன்ப்பா!"

"இங்க எந்தத் தொரை வந்துட்டாருன்னு கழட்டச் சொல்ற?"ன்னாரு. இந்த மனுசனோட என்னத்தைப் பேசுறது!

உச்சியில பாதத்தைக் கும்பிடப் போற எடத்துல எல்லாரும் கழட்டினாங்க. அப்பாவும் கழட்டினாரு. மேசு ரத்தத்துல நனைஞ்சு கெடந்துச்சு. "சாமிக்குக் கழட்டுறது வேற. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல"ன்னு சொல்லிட்டு, கும்பிட்டு முடிச்சதும் அதே மேசை மாட்டிக்கிட்டாரு.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்து ரோட்டுல நொண்டி நொண்டி வந்தாரு. தேயிலை ஸ்டோரு தாண்டுறப்ப தொரைக்கு அடுத்த அதிகாரி சின்னதொரையோட மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் தெரியாத ஆளு எங்க தோட்டத்துல கிடையாது. அம்மாவும் நானும் பழக்கதோசத்துல கானுல எறங்கிட்டோம். அப்பா குனிஞ்சாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! குதிகால் கிழிஞ்சும் கழட்டாத மனுசன் இப்பக் குனியுறாரே!

"கழட்டாதீங்கப்பா!"ன்னு கத்தினேன்.

அவரு கழட்டல. லேசை இறுக்கி, முடிச்சுக்கு மேல முடிச்சுப் போட்டாரு. அடுத்த காலுக்கும் அப்படியே போட்டாரு. "இனி நானே நெனைச்சாலும் அவசரத்துக்கு அவுக்க ஏலாது"ன்னு சொல்லிட்டு ரோட்டுலயே நின்னாரு. நின்னாரே ஒழிய தலை தானாக் குனிஞ்சிருச்சு. சப்பாத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.

சின்னதொரை வாயில சிகரெட்டோட நேராப் பாத்துக்கிட்டே எங்களைத் தாண்டிப் போயிட்டாரு. சப்பாத்தை விடுங்க, அங்க ஒரு ஆளு நின்னதே அவரு கண்ணுல படல. இதுக்கா ரெண்டு வருசம் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினோம்!

சத்தம் அடங்கினதுக்கு அப்புறந்தான் அப்பா தலையைத் தூக்கினாரு.

"தொரை பாத்தாரா புள்ள?"ன்னு அம்மாவைக் கேட்டாரு.

அம்மா என் கையைப் புடிச்சு அழுத்தினாங்க.

"பாத்தாருப்பா. நல்லாவே பாத்தாரு"ன்னேன்.