திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் எங்கள் சபையில் திருவிருந்து. ஆராதனையின் கடைசியில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போய், மண்டியிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் திரும்புவார்கள். போகாதவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பி மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். இரண்டு வருடம் நான் முழங்காலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் வாயுத் தொல்லை என்றேன். இரண்டு வருடமாகவா வாயு என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் சபைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், முதுகுக்குப் பின்னால்தான் பேசுவார்கள்.

உண்மையான காரணம் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. காசிமேட்டில் வீடு. துறைமுகத்திலிருந்து இறால், எங்கள் பேச்சில் எறா, வாங்கி வந்து உரித்துக் கொடுக்கிற வேலை. வயதில் மூத்தவள், நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது ‘அவள்’ என்று வருகிறது, கோபத்தில் பழகிவிட்டது. அவள் ஒரு மாதம்கூடத் திருவிருந்தைத் தவறவிட மாட்டாள். அதுவும் கோயிலில் அத்தனை பெஞ்சு இருக்க, என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்து, என் முழங்காலை உரசிக்கொண்டு போவாள்.

நான் ரேஷன் கடையில் விற்பனையாளர். அரிசிக்கும் பருப்புக்கும் எடை போடுவதுதான் பிழைப்பு. என் வாய் நீளம் என்று ஊரே சொல்லும், அதை நான் மறுக்க மாட்டேன். கை சுத்தம் என்பதையும் ஊர் சொல்ல வேண்டும் என்று மட்டும் எதிர்பார்ப்பேன். மாமனாரின் நினைவு நாள் ஜெபத்தில் எல்லாரும் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, என் மகளிடம் யாரோ மார்க்கு கேட்டார்கள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் பெயில். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. உடனே என் ஓரகத்தி, “அவங்க அம்மா ஊர் சனத்துக்கு எடை கொறைச்சிப் போட்டா, பொண்ணுக்கு மார்க்கு கொறையாம இன்னா பண்ணும்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆயர்கூடச் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். என் வீட்டுக்காரர் பிரியாணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார், அது சிரிப்பா பசியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றோடு அவளிடம் பேச்சு நின்றது. மனஸ்தாபத்தோடு பந்திக்கு வராதீர்கள் என்று ஆயர் ஒவ்வொரு மாதமும் சொல்வார். நான் வரவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவளுடைய ரேஷன் கார்டு என் கடையில்தான் பதிவாகியிருந்தது. வந்தால் விரல் ரேகை மெஷின் என்ன சொல்கிறதோ அதைச் சொல்லி அனுப்புவேன், அவ்வளவுதான் எங்கள் உறவு.

இந்த வருடம் மகளுக்குத் திடப்படுத்தல் வந்தது. ஆறு மாதம் வகுப்புக்குப் போய், பாடமெல்லாம் ஒப்பித்து, பேராயர் கையால் முதல் திருவிருந்து வாங்குகிற நாள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் முறை வாங்குகிற பிள்ளையின் ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் அம்மா மண்டியிட்டு, மூவரும் ஒன்றாக வாங்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, ஒரு பக்கம் அப்பா இருப்பாரு. இன்னொரு பக்கம் நீ வருவியா, மாட்டியா? இப்பவே சொல்லிடு, நான் மனச தேத்திக்கறேன்.”

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள். நான் அடுப்பைத் தணித்தேன்.

வீட்டுக்காரர் சுலபமாக ஒரு வழி சொன்னார். “சும்மா வந்து மண்டி போடு. உன் மனசுல கீறது பிஷப்புக்குத் தெரியவா போவுது?” இவ்வளவு நல்ல யோசனையைச் சாத்தான்கூட எனக்குச் சொன்னதில்லை. இரண்டு நாள் அந்த யோசனையோடுதான் இருந்தேன். புடவைகூட எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கடையில் தராசு முன்னால் நின்றபோது உறுத்தியது. பொய் எடை போட்டேன் என்று சொன்னதற்குத்தானே இத்தனை ரோஷம். கடையில் செய்யாததைக் கோயிலில் செய்வதா?

சரி, மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை லீவு போட்டேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டருகே பஸ் ஏறியதிலிருந்து என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டேன். மன்னிக்கப் போகிறவளுக்கு உண்டான நடை எனக்குத் தானாக வந்துவிட்டது.

அவள் வீட்டு வாசலில் முக்காலி போட்டு, ஐஸ் கலந்த எறாவை ஒரு பெரிய தொட்டியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

“அக்கா, நீ அன்னிக்கு சொன்னத நான் மன்னிச்சிட்டேன். நாளைக்குத் திருவிருந்து எடுக்கப் போறேன். அத சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

அவள் கை நிற்கவில்லை. “மன்னிச்சிட்டியா? சரி. நான் எப்பமே கேட்டேன் உன்ன?”

பிறகு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தேய்ந்து, மழமழவென்று இருந்தது.

“இத பாரு. ஐசுலயும் எறா முள்ளுலயும் தேஞ்சி போச்சி. மூணு மாசம் உன் கடை வாசல்ல வந்து நின்னேன். ரேகை வுழல, நாளைக்கு வா, நாளைக்கு வான்னே. எனக்குப் பின்னாடி நின்ன ஆயாவுக்கும்தான் வுழல. அதுக்கு மட்டும் போன்ல நம்பர் வரவச்சி அரிசி போட்டியே, நான் பாத்துகினுதான் இருந்தேன்.”

“அப்பவே கேக்க வேண்டியதுதானே?”

“இன்னான்னு கேக்கறது? உன் பொழப்புல ஒரு தபா வாய் வச்சிதான் இவ்ளோ பேஜாரு. எங்க வூட்டுக்காரரு ஆபீசருக்கு எழுதிப் போடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன்.”

பதில் இல்லாத நேரத்தில்தான் எனக்குக் கோபம் நன்றாக வரும். “நல்லது சொல்ல வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்” என்று மிக்சரைத் திண்டில் வைத்துவிட்டு விறுவிறுவென்று டோல்கேட் வரை நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் வெயில். மூன்று பஸ் வந்து போனது, மூன்றும் திருவொற்றியூர் போகிற பஸ்தான். நான் ஏறவில்லை. ஒரு பக்கம் மனசு வக்கீலாகப் பேசியது. மெஷின்தானே வேண்டாம் என்றது, நீ என்ன செய்வாய்? போய்ச் சொல்லியாயிற்று, உன் கடமை முடிந்தது, நாளைக்கு மண்டி போடு, மகள் சந்தோஷப்படுவாள். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் அவளைத் திருப்பி அனுப்பிய நாட்களில் நான் வயிறாரச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன் என்பது ஞாபகம் வந்தது. என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. இரண்டு வருடமாகத் திருவிருந்து எடுக்காமல் நான் காத்த பரிசுத்தம் இதுதான்.

எங்கள் சபையில் சாட்சி சொல்கிறவர்கள் சோதனையை ஜெயித்தேன் என்பார்கள். வியாதி, கடன், குடி என்று பெரிய பெரிய சோதனையாக இருக்கும். எனக்கு வந்தது டோல்கேட்டிலிருந்து காசிமேட்டுக்குத் திரும்பிப் போகிற ஒரு ஷேர் ஆட்டோ. அதில் ஏறக் கால் வரவில்லை. மன்னிக்கப் போகும்போது பறந்த கால், மன்னிப்புக் கேட்கப் போகும்போது கல்லாகிவிட்டது. நான் ஏறியதில் என் பலம் எதுவும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆண்டவரே தள்ளிவிடும் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆட்டோக்காரர் தன்னிடம்தான் பேசுகிறேன் என்று நினைத்து, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

இந்த முறை பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. அவள் எதிரில் போய்க் குந்தினேன்.

“வேணும்னுதான் பண்ணேன்க்கா. தப்புதான்.”

“தெரியும்” என்றாள். இன்னும் இரண்டு எறாவை உரித்துப் போட்டாள். “நீ எடை சரியாத்தான் போடுவேன்னும் தெரியும்மே. அந்த வருஷம் எம்புள்ள படிப்ப வுட்டுட்டு போட்ல ஏறிட்டான். உன் பொண்ணு ஸ்கூல் டிரெஸ்ல வந்து நின்னுச்சா, வயித்தெரிச்சல். வாய்ல வந்துடுச்சி. அன்னிக்கே உன்னான்ட வரணும்னு இருந்தேன். நீ மூஞ்சிய அப்டி வச்சிகினு இருந்தா எவ வருவா?”

அந்தப் பையன் படிப்பை விட்டது எனக்குத் தெரியும். அவளுக்கு அது வலித்தது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு வலிக்கும் என்றே நான் நினைத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கண்டுகொள்ளாமல் தொட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

“அழுதுகினே உரி. வண்டிக்காரன் வந்துடுவான்.”

உரித்தேன். அவள் பத்து உரிக்கிற நேரத்தில் நான் மூன்று. “அரிசி போடற கை, இதுக்கு ஆவாது” என்று சிரித்தாள். மூக்கைத் துடைக்கக்கூடக் கை இல்லை, அவளே முந்தானையால் துடைத்துவிட்டாள். போகும்போது மிக்சரைப் பிரித்துப் பாதியை என் மகளுக்கு என்று கட்டிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வெள்ளைப் புடவையில், தலையில் வெள்ளை முக்காட்டோடு பீடத்துக்கு முன் மண்டியிட்டாள். வலது பக்கம் அவள் அப்பா, இடது பக்கம் நான். பேராயர் வரிசையில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். மகள் தலையைத் தூக்காமல் என் பக்கம் சாய்ந்தாள்.

“அம்மா, உன் கையில எறா நாத்தம்.”

“பெரிம்மா வூட்டு எறா. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சும் போவல.”

அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள், கண் மட்டும் நிறைந்துவிட்டது. பேராயர் முதலில் அவள் கையிலும், பிறகு என் கையிலும் அப்பத்தை வைத்தார். ஆமென் சொல்ல வேண்டும். ஊரே பயப்படுகிற என் வாய் திறக்கவில்லை. மகள்தான் எனக்கும் சேர்த்துச் சொன்னாள்.