அப்பா பெயரில் வந்த மேற்கோள்கள்

மொரீஷியஸில் வேலைக்குச் சேர்ந்த அன்று குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார்கள். ஊரில் எனக்கு இருந்தது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சொன்னேன். அதன்பின் அலுவலகம் முழுக்க என்னை அப்பா பெயர் சொல்லியே கூப்பிட்டது, முன்னால் செல்வி என்பதற்கான பிரெஞ்சு 'மத்மொசெல்' சேர்த்து. கடிதத்தில் இதை எழுதியபோது அப்பா பதில் போட்டார்: "தாலுகா ஆபீஸ்ல ரிட்டையர் ஆகி வீட்ல உக்காந்திருக்கேன். அங்கயும் என்னைத்தான் வேலை வாங்குறாங்களா?"

நான் மண்ணையும் நீரையும் ஆராய்பவள். சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊரைத் தாண்டி, கடலை நோக்கிச் சரியும் ஒரு கரும்புக்காட்டில் மெல்லிய குழாய்களை ஆழமாக இறக்கியிருந்தோம். கிணறுகள் என்போம். கரும்புக்குப் போடும் உரம் மழையோடு இறங்கி எவ்வளவு சீக்கிரம் கடலுக்குப் போகிறது என்று அவற்றில் தெரியும். "மண்ணுல படிக்க என்னம்மா இருக்கு, காலடியிலதானே கிடக்கு?" என்று அப்பா சீண்டுவார். ஆனால் வந்தவர் போனவரிடமெல்லாம் என் படிப்பைப் பற்றித்தான் அளப்பார்.

அந்தத் தீவிலேயே பிறந்த தமிழர் ஒருவரை மணந்தேன். வீட்டில் பேச்சு தீவு மொழியான கிரியோல்; அவருக்குத் தெரிந்த தமிழ் கோயில் பாட்டும் உறவு முறைகளும்தான். திருமணத்துக்குப் பிறகு என் கட்டுரைகள் அவருடைய குடும்பப் பெயரில் வெளிவந்தன. அப்பா பெயர் உதிர்ந்துபோனது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் மனது உறுத்தியது.

அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்த அன்றே புயல் எச்சரிக்கையும் வந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். காற்று ஓய்ந்தும் விமானம் இல்லை, தொலைபேசி இல்லை, மழை மட்டும் விடவில்லை. பிறகு ஒருவழியாகப் பேசக் கிடைத்தபோது தம்பி சொன்னான், "முகத்தையாவது பாத்திருக்கலாமேக்கா." அவன் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் இன்றுவரை அது வலிக்கிறது.

அந்த மழை நாட்களில் வீட்டில் உட்கார முடியவில்லை. கணவர் என்னைக் கரும்புக்காட்டுக்கு அழைத்துப் போனார். சாய்ந்து கிடந்த கரும்புக்கு நடுவே ஒவ்வொரு கிணறாக நாடா இறக்கி நீர்மட்டம் பார்த்தேன், புட்டியில் தண்ணீர் எடுத்தேன், அழுதேன். "மாமா..." என்று தொடங்கிய அவருக்கு மேற்கொண்டு தமிழ் வரவில்லை. "பா ப்ளோரே" என்றார், அழாதே என்று. குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். மற்றவர்களுக்கு ஊரில் இழவு வீடு இருந்தது. எனக்கு அந்தக் கிணறுகள்தான்.

அப்போது எடுத்த அளவுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். உரம் நாங்கள் நினைத்ததைவிட வெகு விரைவாகக் கடலைத் தொட்டிருந்தது. அந்த ஒன்றை மட்டும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு அனுப்பினேன். கொள்ளி வைக்கத் தம்பி இருந்தான். நான் செய்ய வேறென்ன இருந்தது?

அதற்குள் கடற்கரை ஓரமெல்லாம் ஓட்டல்கள் எழும்பத் தொடங்கின. எங்கள் கரும்புக்காட்டையும் கேட்டார்கள். கிணறுகளை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும் தடித்த புத்தகங்கள் அங்கே நூலகங்களில் உண்டு. அவற்றின் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்த நிபுணர் போர்ட் லூயிஸ் அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்தார்.

"உங்கள் கட்டுரைகளை அதிகம் பேர் கவனிக்கவில்லை, மேடம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "ஆனால் இந்த மனிதருடைய ஒரே கட்டுரையை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். இவர் வந்து இந்தக் கிணறுகள் வேண்டும் என்று சொன்னால் எனக்கு அது போதும். இப்போது எங்கே இருக்கிறார்?"

விரல் அப்பா பெயரின் மேல் இருந்தது. நான்தான் அது என்று சொல்ல வேண்டிய நேரம். எனக்கு வாயில் வந்தது, "இறந்துவிட்டார்."

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன்: இனிஷியல், கல்யாணம், புயல். பொறுமையாகக் கேட்டார், நம்பவும் செய்தார். அறிக்கையில் சேர்ப்பதாகச் சொன்னார், சேர்த்தார். நிலம் அதற்கு முன்பே கை மாறியிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிணறுகளில் சிமென்ட் ஊற்றி அடைத்தார்கள். நான் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் கட்டுரையின் பிரதி வேண்டுமென்றால் எழுதியவருக்கே அஞ்சலட்டை போடுவார்கள். கிணறுகளை மூடிய பிறகும் முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளரிடமிருந்து ஒன்று வந்தது, 'அன்புள்ள டாக்டர்' என்று அப்பா பெயரோடு. கட்டுரையைக் கேட்டுவிட்டு, அதே கிணறுகளில் இப்போது எடுக்கும் அளவுகளையும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

பிரதியை உறையில் வைத்தேன். இப்போது எடுப்பது ஒன்றும் இல்லை, இனி எடுக்கவும் முடியாது என்று எழுதி, அப்பா பெயரிலேயே கையெழுத்துப் போட்டேன்.