எறும்பு ஏறிய உப்பு பிஸ்கட்

என் அம்மாவோடு பிறந்தவர்கள் எல்லாருமே பெண்கள். அதில் கடைக்குட்டிதான் இந்தச் சித்தி. அவள் கட்டிக்கொண்டவர் எங்கள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதனால் எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அவர் எனக்குச் சித்தப்பாதான். ஒரு விஷக் காய்ச்சலில் இரண்டு பேரும் சேர்ந்து படுத்தார்கள். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. சித்தி எழுந்தாள், ஆனால் அவள் நாக்கு செத்துப்போயிருந்தது. உப்பும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. "எதைத் தின்னாலும் சுண்ணாம்பைத் தின்ற மாதிரி இருக்குக்கா" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் போகவில்லை.

போகவும் கூடாது. சித்தி வேலை பார்த்தது பேக்கரியில். பிள்ளைகுட்டி கிடையாது. சித்தப்பா போன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லை. பேக்கரியின் நீள மேஜையைச் சுற்றி நின்று மாவு உருட்டுகிறவர்களின் வாய்தான் அவளுக்குச் சொந்தபந்தம். "நாக்கில்லாதவளுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டுட்டா நான் எங்கக்கா போவேன்?" என்று அம்மாவிடம் அழுதாள்.

ருசி பார்க்க வேண்டாத வேலை அங்கே ஒன்றுதான் இருந்தது. முதலாளியிடம் அதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். வருஷக் கடைசி விடுமுறை வந்தால் தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் அலங்கார பிஸ்கட் தொங்கவிடுவார்கள். நிஜ பிஸ்கட்டை வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். அதனால் பொய் பிஸ்கட். இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு பொடியுப்பு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். காது மடல் மாதிரி மெத்தென்று வரும்வரை பிசைய வேண்டும். நட்சத்திரம், பிறை, வீடு, மீன் என்று வெட்டி, நூல் கோக்க ஒரு துளை போட்டு, ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் விட்டுவிடுவாள். அவசரப்பட்டால் வயிறு உப்பி வெடித்துவிடும். ஆறினதும் சாயம், அதன் மேல் வார்னிஷ். வார்னிஷ் காய்வதற்குள் பொடியுப்பைச் சலித்துத் தூவினால், பார்க்கிறவர்கள் சர்க்கரைப் பொடி என்று சத்தியம் செய்வார்கள்.

நானும் அங்கே அட்டைப்பெட்டி மடிக்கிற வேலையில் இருந்தேன். அடுப்புக்காரர் சித்தியை வம்புக்கு இழுக்காத நாள் கிடையாது.

"அக்கா பிஸ்கட்டுக்குத்தான் ஆயுசு கெட்டி. நாம எல்லாரும் போனப்புறமும் அது தொங்கிட்டு இருக்கும்."

"உங்க ரொட்டியவிட மெத்துன்னுதான் இருக்கு. கடிச்சுப் பாருங்க."

மேஜையே சிரிக்கும். சித்தியும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வீட்டுக்குப் போகிறவரைக்கும்தான்.

பேக்கரியில் ஒரு வழக்கம் உண்டு. பொடியுப்புக்கும் சர்க்கரைப் பொடிக்கும் ஒரே மாதிரித் தகர டப்பா. எழுதி ஒட்டினால் ஈரக்கையும் மாவுக்கையும் பட்டு ஒரே வாரத்தில் அழிந்துவிடும். அதனால் டப்பாவைத் திறக்கிறவர் யாரானாலும் முதலில் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். சித்தியும் வைப்பாள். வைத்து "ம்" என்பாள். அது ஊருக்கு. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இடதுபக்க டப்பாவில் உப்பு, வலதுபக்க டப்பாவில் சர்க்கரை என்பதுதான்.

அந்த வருஷம் விடுமுறைக்கு முன்னால் டப்பா வைக்கிற அலமாரிக்கு வெள்ளையடித்தார்கள். டப்பாக்களை இறக்கி மறுபடி ஏற்றினவர்கள் இடம் பார்த்தா வைப்பார்கள்? விற்பனை பிஸ்கட்டுக்குச் சர்க்கரை தூவுவதையும் சித்தியிடமே கொடுத்தார்கள். சல்லடை பிடிக்க அவளைப்போல் கை யாருக்கும் வராது. வழக்கம்போலத் தொட்டாள், நாக்கில் வைத்தாள், "ம்" என்றாள். பொய் பிஸ்கட்டுக்கு இடது டப்பாவிலிருந்தும், விற்பனை பிஸ்கட்டுக்கு வலது டப்பாவிலிருந்தும் தூவினாள். நான் பெட்டியில் அடுக்கிக் கட்டினேன்.

மறுநாள் கடை திறந்தால் கண்ணாடிக்குள் எறும்பு. நட்சத்திரத்திலும் வீட்டிலும் கறுப்பாக மொய்த்துக்கொண்டு நூல் வழியாக ஏறுகிறது, இறங்குகிறது. உப்பு பிஸ்கட்டில் எறும்பு ஏறி யார் பார்த்தது? சித்தி அதைப் பார்த்ததுமே ஒரு நட்சத்திரத்தைக் கழற்றி முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். அதற்குள் வாடிக்கைக்காரப் பெரியவர் ஒருவர் பெட்டியோடு வந்துவிட்டார். "என்னப்பா, கடல்ல முக்கி எடுத்தீங்களா? பேரப்பிள்ளைங்க துப்பிட்டு ஓடுதுங்க." அவருக்குப் பின்னால் இன்னும் பெட்டிகள் வந்தன.

முதலாளி சத்தம் போடுகிற மனிதர் இல்லை. இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"எது சர்க்கரைன்னு சொல்லுங்கக்கா."

சித்தி இரண்டையும் தொட்டாள். இரண்டையும் நாக்கில் வைத்தாள். அப்புறம் டப்பாவைப் பார்க்காமல் காலியாக இருந்த அலமாரியைப் பார்த்தாள்.

"எப்பவும் இடது பக்கந்தான் உப்பு இருக்கும்" என்றாள்.

அடுப்புக்காரர் திரும்பிக்கொண்டு, அணைந்த அடுப்பைக் கிளறினார்.

"எப்ப இருந்துக்கா?" என்றார் முதலாளி.

"அவர் போனதுல இருந்து."

முதலாளி இரண்டு டப்பாவையும் மூடினார். "நீங்க வீட்டுல உக்காந்தே செஞ்சு குடுங்க. மாவு, சாயம் எல்லாம் அனுப்பறேன். இந்தச் சூட்டுல எதுக்கு நின்னு கஷ்டப்படணும்?"

"நான் நின்னுக்கறேன் தம்பி. தூவற வேலைய மட்டும் வேற யாராவது பாக்கட்டும்."

"வாங்கினவங்க கேக்கறாங்கக்கா. உங்கள மேஜையில பாத்தா பேச்சு வரும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கேட்டவர்கள் எல்லாரும் சித்திக்கு நல்ல காலம், வீட்டிலேயே வேலை என்றார்கள். சித்தி இடுப்பில் கட்டியிருந்த மாவுத்துணியை அவிழ்த்து, மடித்து, மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அதற்கப்புறம் வண்டிக்காரர் வந்து மாவையும் பேக்கரி அடுப்பில் சுட்டு வந்ததையும் போட்டுவிட்டு, ஆன தட்டுகளை எடுத்துக்கொண்டு போவார். வண்டியை அணைக்கக்கூட மாட்டார். வேலை விட்டு வருகிற வழியில் நான் எட்டிப் பார்ப்பேன். உட்காருவதற்குள் கேட்பாள்: "அடுப்புக்காரர் இன்னைக்கு யாரை வம்புக்கு இழுத்தார்?" ஒன்றும் நடக்காத நாட்களில் நானே எதையாவது கட்டிச் சொல்வேன். பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் முடிகிறவரை கேட்பாள்.

ஒரு நாள் கதவு திறந்திருந்தது. நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. மேஜை மேல் மாவு, பக்கத்தில் தகர டப்பா. அந்த வீட்டுக்கு வருவது உப்பு மட்டும்தான், ஒரே டப்பாதான். சித்தி மூடியைத் திறந்தாள். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ம்" என்றாள். யாருமில்லாத அந்த மேஜையை ஒரு தரம் பார்த்துவிட்டு மாவில் கை வைத்தாள்.