பேட்டரிப் பெட்டியைத் திறக்காத மல்லிகா அக்கா

தேனி ஆஸ்பத்திரியிலிருந்து மல்லிகா அக்காவின் கணவர் போனில் பேசினார். "தம்பி, உங்க அக்கா போயிட்டா." பழுதுபார்த்துக்கொண்டிருந்த வண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

போடியில் மின்வண்டிப் பட்டறை ஒன்றில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். அங்கே பாதுகாப்புத் தகுதியில் மூன்று நிலைகள். முதல் நிலைக்காரர் டயர், பிரேக் பார்க்கலாம். இரண்டாம் நிலைக்காரர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மற்றதைத் தொடலாம். பேட்டரிப் பெட்டியைத் திறக்க மூன்றாம் நிலை வேண்டும்; அந்த ஆள் மதுரையிலிருந்துதான் வரவேண்டும். அக்காவும் நானும் இரண்டாம் நிலை.

பெட்டிப் பக்கம் என் கை போனாலே அக்கா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வார். "சாவியை எடுத்தா வண்டிதான் தூங்கும் அப்பு, பேட்டரி முழிச்சுக்கிட்டேதான் கெடக்கும். பயம் விட்டுப்போச்சுன்னா சொல்லு, திரும்ப டயர் கழட்ட அனுப்பிடுறேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் தகுதியில்லாமல் பெட்டியைத் திறந்து செத்தார் என்று ஊர் பேசுகிறது. அவரோடு பழகியவர்களும் இதை நம்பலாமா?

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன மின்வண்டி ஒன்று போடிமெட்டு வளைவில், மழையில் நின்றுவிட்டது. பட்டறையிலிருந்து பார்க்கப் போன அக்கா, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்ததால் மதுரைக்குப் போன் செய்தார். ஆனால் மலைப்பாதையில் நின்ற வண்டியைத் தாண்டிப் போவது, தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்களுக்குப் பாவம் செய்த மாதிரி. இறங்கி ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அக்கா பேசிக்கொண்டிருந்தபோது ஒரு டிரைவர், "வெரசா முடிச்சிரலாம்க்கா, சோலி கெடக்கு" என்று மூடியைக் கழற்றிவிட்டார். அக்கா ஓடிவந்து அவரைத் தள்ளினார். டிரைவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. வெடித்துக் கிளம்பிய தீ அக்காவைப் பிடித்துக்கொண்டது.

"ஒத்தாசைக்குத்தாண்ணே எறங்குனேன்" என்று அந்த டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். யாரைத்தான் நொந்துகொள்வது?

நேற்று அதே பாதையில் இன்னொரு மின்வண்டி நின்றது. நான் போவதற்குள் ஜீப்காரர்கள் இறங்கிவிட்டார்கள். "தள்ளிக்க மாப்ளே, நாங்க பாத்துக்கிடுறோம்." கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் குறுக்கே நிற்பது மட்டும்தான். மதுரை ஆள் வரும்வரை, அக்கா செத்த விதத்தை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே நின்றேன். யாரும் பெட்டியைத் தொடவில்லை.

"அப்ப, அந்தக்கா தெறக்கலையா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெறக்கலண்ணே" என்றேன்.