தபிதாவின் கெட்டவர்கள்

தூரிகை முனையை உதட்டில் உருட்டிக் கூராக்கியபடியேதான் தபிதா பேசுகிறார். "கண்ணு வைக்கறேன், இருங்கோ சார்" என்றவர் மூச்சை நிறுத்திக்கொள்கிறார். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் பொம்மை, மருந்து பாட்டில் மூடியில் ஒட்டி நிற்கிறது. எலும்புக் கிரீடம், பல்லிவால், கிழிந்த மேலங்கி. வெள்ளைப் புள்ளி ஒன்று, அதற்குள் கறுப்புப் புள்ளி ஒன்று. அவர் மூச்சை விட்டபோது அந்தக் கிழட்டு அரசன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்தூரில் ஒற்றை அறையும் சமையல்கட்டுமான வீடு. பெங்களூரில் விளையாட்டுக் கடை வைத்திருக்கும் ஹரிபிரசாத் பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார். கடைக்கு வருகிறவர்கள் படக்கதை வீரர்களையும் வில்லன்களையும் மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம். கை, கால், தலை எல்லாம் சாம்பல் நிறச் சட்டத்தில் தனித்தனியாக ஒட்டியிருக்கும். தபிதா கட்டரால் நறுக்கி, பிசிறை அரத்தால் தேய்த்து, பசை வைத்துப் பொருத்தி, கொல்லையில் வைத்துக் கறுப்பு ஸ்பிரே அடித்துக் காயவிட்ட பிறகே வண்ணத்தைத் தொடுகிறார். மிஞ்சும் கைகளையும் தலைகளையும் எறிய மனம் வராது. பிஸ்கெட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார்.

வில்லன்கள் மட்டும்தான் இவரிடம் வருகிறார்கள். நல்லவர்களை வேறு யாரோ செய்கிறார்கள். அதில் இவருக்கு வருத்தமில்லை. "நல்லவனுக்கு ஒரே மூஞ்சி சார். கெட்டவனுக்குத்தான் உள்ள இன்னா இன்னாவோ ஓடிக்கினு இருக்கும்."

கணவர் இஸ்ரேலுக்கு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. சீசன் மூன்று மாதம். மற்ற மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பல்லிவால்களால்தான்.

பதினாறு வருடம் சபையின் ஞாயிறு பள்ளியில் டீச்சராக இருந்தவர் தபிதா. போன ஜூலையில், ஏதோ கூட்டத்துக்கு அழைக்க வந்த சபைச் செயலாளர் தேவானந்தம், ஜன்னல் கட்டையில் காய்ந்துகொண்டிருந்த கொம்புத் தலைகளைப் பார்த்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது.

"பிசாசுக்கு மூஞ்சி எழுதற கையால புள்ளைங்களுக்கு வசனம் சொல்லித் தரக்கூடாதும்மா. ஒண்ணு அத்த உடு, இல்ல இத்த உடு" என்றார் தேவானந்தம்.

"பொம்மைங்கண்ணா அது. அத்த உட்டா நாங்க இன்னாத்த துன்றது?"

 தபிதாவை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கமிட்டியில் ஏழு பேர். ஏழு கையும் உயர்ந்தன. ஏழாவது கை இஸ்ரேலுடையது.

"ஆறு கையப் பாத்தப்போ ஒண்ணும் தோணல சார். இவரு தூக்கனாரு பாருங்கோ, அப்போதான் எழுந்து வெளிய வந்துட்டேன்" என்கிறார் தபிதா. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார். "எல்லாரும் தூக்கனாங்கோ, நா ஒருத்தன் சும்மா குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாராம் இஸ்ரேல். உன் நல்லதுக்குத்தான் என்றும் சேர்த்துக்கொண்டாராம்.

வசன அட்டைகளை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுகிறார். வகுப்பை இப்போது தேவானந்தத்தின் மருமகள் எடுக்கிறார்.

"அந்தப் பொண்ணு எங்கிட்டயே வந்து கேக்குது, சத்தம் போடற புள்ளைங்கள எப்படி அடக்கறதுன்னு."

"சொல்லிக் கொடுத்தீங்களா?"

"குடுத்தேன். புள்ளைங்க இன்னா பண்ணுச்சு?"

பேசிக்கொண்டிருக்கும்போதே இஸ்ரேல் வந்தார். எனக்கொரு டம்ளர் டீ, மனைவிக்கொரு டம்ளர். அவரே போட்டது. "ஆறிடப் போவுது, குடி" என்று வண்ணப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

தூரிகை கழுவும் தண்ணீர்க் கிண்ணம் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தபிதா நிமிர்ந்து பார்க்கவில்லை. கறுப்பு அப்பிய தூரிகையை அந்த டீயில் விட்டு, நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றிக் கழுவினார்.