நங்கூர வாங்கு

என்னைப் படிச்சவன் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. நாலாம் வகுப்போட என்ர பள்ளிக்கூடக் கதை முடிஞ்சுது. ஆனா அதுக்குள்ள கொஞ்சக் காலம் நான் கெட்டிக்காரனா இருந்தனான். சிரிக்காதேங்கோ, சொல்லுறன்.

நான் சொல்லுறது ஜப்பான்காரன் குண்டு போட்ட சண்டைக் காலம். கொட்டாஞ்சேனையில ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் கடதாசி. ஆபத்துச் சங்கு ஊதினா பேக்கரியில பாணுக்கு நிண்ட சனம் வரிசையை விட்டிட்டு ஓடும். பிறகு வந்து, ஆர் முன்னுக்கு நிண்டது எண்டு தங்களுக்குள்ள சண்டை. அது வேற கதை.

எங்கட வகுப்பில மேசை இல்லை. இருக்கிறதுக்குச் சாய்மானம் இல்லாத நீள வாங்கு, மடியில சிலேட்டு. நான் கடைசி வாங்கு. எங்கட வாத்தியார் அதுக்கு நங்கூரம் எண்டு பேர் வச்சிருந்தார். "இந்த வகுப்புக் கப்பலை நகர விடாமப் பிடிச்சு வச்சிருக்கிறது நீங்கள்தான்ரா" எண்டுவார். எனக்கு அது பெரிய பெருமை. என்னைப் பெத்த ஐயாவுக்குத் துறைமுகத்தில வேலை. நங்கூரம் எவ்வளவு பெரிய சாமான் எண்டு எனக்குத் தெரியும்தானே. ஓடிப்போய் ஐயாட்டச் சொன்னன். ஐயா சிரிக்கேல்ல. "இந்த முறையும் வகுப்பேறாட்டி மாமான்ர விறகுக் கடைக்குத்தான் நீ" எண்டார். ஏன் கோவிச்சவர் எண்டு விளங்கேல்ல.

பிறகு குண்டு விழுந்துது. பள்ளிக்கூடத்தில விழேல்ல, ஆனா அந்த அதிர்வில கரும்பலகை மாட்டின சுவர் வெடிச்சுப் போச்சு. வாத்தியார் பயத்தில ஊருக்குப் போயிட்டார். பாதிச் சனமும் போயிட்டுது. மிச்சப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தா, பலகை பின் சுவரில தொங்குது. வாங்குகளை ஆரும் நகர்த்தேல்ல. நாங்கள் காலைத் தூக்கி மற்றப் பக்கம் போட்டுத் திரும்பி இருந்தம், அவ்வளவுதான். கடைசி வாங்கு முதல் வாங்காச்சு.

மட்டக்குளியில இருந்து ஒரு புது வாத்தியார் நடந்து வருவார். கழுத்தில எப்பவும் வேர்வை துடைக்கிற லேஞ்சி. முதல் நாளே என்னைக் காட்டி, "தம்பி, ஏழெட்டு?" எண்டார். நான் வழமைபோல நிலத்தைப் பாத்தன். மனுசன் விடேல்ல. "முன் வாங்குக்காரனுக்குத் தெரியாமப் போகுமோ? ஆறுதலா யோசியுங்கோ, நான் நிக்கிறன்."

உண்மையாவே நிண்டார். ஜன்னலில ஒரு காகம் வந்து இருந்து எங்களைப் பாத்திட்டுப் போச்சுது.

"அம்பத்தாறு" எண்டன்.

அவர் ஆச்சரியப்படேல்ல. "ஓம், அடுத்தது" எண்டு போயிட்டார். வீட்டை போற வழியெல்லாம் அந்த "ஓம்" காதுக்குள்ள கேட்டுக்கொண்டே வந்துது.

அதுக்குப் பிறகு எனக்குக் கணக்கும் வந்துது, வாசிப்பும் வந்துது. முந்தி முன்னுக்கு இருந்தவங்கள் பின்னுக்கு இருந்து மாங்காய் தின்னப் பழகினாங்கள். ஐயா ஒருநாள் பேப்பரைத் தந்து வாசியடா எண்டார். வாசிச்சன். பிறகு விறகுக் கடைக் கதையை அவர் எடுக்கேல்ல.

சோதினை கிட்ட வரேக்க சுவரைப் பூசி முடிச்சாங்கள். பழைய வாத்தியாரும் ஊரால வந்திட்டார், அதோட புது வாத்தியார் வாறதை விட்டிட்டார். பலகை பழைய இடத்துக்குப் போச்சுது. நாங்களும் காலைத் திருப்பிப் போட்டம். அண்டைக்கு அவர் கேட்ட கணக்குக்கு நான் கையைத் தூக்கினன்.

"டேய் நங்கூரம், கையை இறக்கு. கப்பல் ஆடுது!"

வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சன், நல்ல பகிடிதானே. ஆனா பிறகு கை எழும்பேல்ல. சோதினையில ஏழெட்டு வந்துது. எனக்குத்தான் வரேல்ல.

மாமான்ர கடைக்கு ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட, நான் அழுது அழுது ஒண்டுதான் கேட்டன்.

"ஐயா, பலகையைத் திரும்பவும் அந்தப் பின் சுவருக்கு மாத்தச் சொல்லுங்கோவன்."

"அந்தச் சுவரில என்னடா இருக்கு?"

கெட்டித்தனம் அந்தச் சுவரிலதான் இருக்கு எண்டு, விறகு நிறுத்த காலமெல்லாம் நம்பிக்கொண்டுதான் இருந்தன். புது வாத்தியாருக்கு எங்கட வாங்கின்ர பேரை ஒருத்தரும் சொல்லேல்ல எண்டது அப்ப எனக்குத் தோணேல்ல.